கடதாசியில் 99 வீதம், குப்பியில் என்ன?

முன்பெல்லாம் நம் வீடுகளுக்கு மருந்து வர இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று ஆஸ்பத்திரித் துண்டு, மற்றது பாமசிக் கவர். தோட்டத்து மக்களுக்கு டிஸ்பென்சரி. இப்போது மூன்றாவதாக ஒரு வழி திறந்திருக்கிறது. கைத்தொலைபேசியில் விளம்பரம் வரும். வங்கிக் கணக்குக்குப் பணம் போகும். சில நாட்களில் கொழும்பிலிருந்து ஒரு பார்சல் பதுளைக்கு வந்து சேரும். உள்ளே சுண்டுவிரல் அளவான கண்ணாடிக் குப்பிகள், அவற்றின் அடியில் சிட்டிகையளவு வெள்ளைத் தூள், கூடவே ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு பக்கக் கடதாசி. முகம் வெளுக்க ஒன்று, உடம்பு மெலிய ஒன்று, மூட்டுவலி தீர இன்னொன்று. விற்பவர் குப்பியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கடதாசியைத்தான் காட்டுகிறார். “பாருங்கள், ஆய்வுகூடச் சான்றிதழ், 99 வீதம் தூய்மை!”

அந்தக் கடதாசிக்குப் பகுப்பாய்வுச் சான்றிதழ் என்று பெயர். ஆய்வுகூடங்களில் வேலை செய்வோர் அதைத் தினமும் பார்ப்பவர்கள். எதை நம்புவது, எதை நம்பாமல் விடுவது என்று அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. தெரியாத கடதாசியைக் காட்டித்தானே வியாபாரம் நடக்கிறது? ஆகவே சகோதரிகளே, அதை வாசிக்கச் சற்றுக் கற்றுக்கொள்வோம். வேதியியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. கொழுந்து நிறுத்த அனுபவமும் தேயிலைத் தொழிற்சாலையைக் கண்ட கண்ணும் ஊவாவில் இருப்பவருக்குப் போதுமான முதல்.

முதலில், பெப்டைட் என்றால் என்ன? அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகளைக் கோத்த மாலைதான் பெப்டைட். மாலை மிக நீண்டு மடிந்தால் அதைப் புரதம் என்கிறோம். வெளுக்கும் ஊசி என்று விற்கப்படும் குளுட்டதயோன் மூன்றே மணிகள் கொண்ட குட்டி மாலை. நம்முடைய உடம்பே அதைச் செய்துகொள்கிறது. சீனி வருத்தக்காரர் போட்டுக்கொள்ளும் இன்சுலின் 51 மணிகள் கொண்டது. உடம்பு மெலிய என்று இன்று உலகமெங்கும் பேசப்படும் செமக்ளுடைட் 31 மணிகள். எனவே பெப்டைட் என்ற சொல்லைக் கேட்டதும் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

மணிகள் எவை என்பது மட்டுமல்ல, அவற்றின் வரிசையும் முக்கியம். கதவு என்ற சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றினால் தகவு என்றாகிவிடும். எழுத்து அதே மூன்று, பொருள் வேறு. பெப்டைட்டும் அப்படித்தான்.

இந்த மாலைகளை ஆய்வுகூடத்தில் கோர்க்கும் முறையை 1963 இல் வெளியிட்டவர் அமெரிக்காவின் புரூஸ் மெரிஃபீல்ட். அதற்காக அவருக்கு 1984 இல் நோபல் பரிசு கிடைத்தது. சின்னஞ்சிறு பிசின் மணியொன்றில் முதல் அமிலத்தை ஒட்டி, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கோர்ப்பார்கள். ஒவ்வொரு முடிச்சும் நூற்றுக்கு 99 தடவை சரியாக விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கைவேலைதான் அல்லவா? ஆனால் 30 மணி மாலைக்கு 29 முடிச்சு. 29 முறை 99 வீதத்தைப் பெருக்கிப் பார்த்தால் கடைசியில் முழுதும் சரியாக வந்த மாலை ஏறத்தாழ 75 வீதம்தான் மிஞ்சும். மீதி நாலில் ஒரு பங்கு, நடுவில் ஒரு மணி தவறியவை, பாதியில் நின்றவை. அவற்றைப் பிரித்துக் கழிக்க வேண்டும். கழித்தார்களா, எவ்வளவு கழித்தார்கள் என்பதைச் சொல்லத்தான் சான்றிதழ் பிறந்தது. தன் இடத்தில் அது நேர்மையான, தேவையான கடதாசி. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டிலுள்ள உயிரணுக்களில் பரிசோதனை செய்யும் மாணவிக்கு அது இல்லாமல் வேலை ஓடாது.

சில மாதங்களுக்கு முன் பசறைப் பக்கத்துத் தாய் ஒருவர் அப்படியொரு கடதாசியை என்னிடம் கொண்டு வந்தார். மகளுக்கு நிக்காஹ் பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் யாரோ, “பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். (இந்த ஒரு வார்த்தை நம் சமூகத்தில் எத்தனை வீடுகளின் நித்திரையைக் கெடுத்திருக்கிறது என்பதைத் தனியாக எழுதலாம்.) தாய் காதுத் தோட்டை அடகு வைத்து ஆறு குப்பி வாங்கியிருந்தார். யாரோ ஒரு தெரிந்த பெண் வந்து ஊசி போட்டுவிடுவதாக ஏற்பாடு. “ஹஸரத், இதில 99 எண்டு போட்டிருக்குதானே, அப்ப நல்லதுதானே?” என்று கேட்டார். “ராத்தா, குப்பியையும் கொண்டு வாங்க, சேர்த்துப் பார்ப்போம்” என்றேன். எங்கள் பாடசாலையின் இரசாயனவியல் ஆசிரியரையும் அழைத்து மூவருமாக உட்கார்ந்து பார்த்தோம்.

ஆசிரியர் முதலில் தேடியது 99 ஐ அல்ல, பேச் இலக்கத்தை. ஒரே சமயத்தில், ஒரே பாத்திரத்தில் செய்து முடித்த தொகுதிக்கு ஒரு இலக்கம் இடுவார்கள். சான்றிதழ் அந்தத் தொகுதியைப் பற்றி மட்டுமே பேசும். இது நமக்குப் புதிதல்ல. ஹப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மலை, அதே மெசின், அதே டீமேக்கர். ஆனால் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் நாட்களில் வரும் தேயிலைக்கு ஊவாவின் அந்தத் தனி மணம் இருக்கும். நவம்பர் மழையில் வருவதற்கு இராது. அதனால்தான் கொழும்பு ஏலத்தில் வாங்குகிறவர் தோட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. ஒவ்வொரு இன்வொயிஸுக்கும் மாதிரி எடுத்து, ஊற்றி, உறிஞ்சி, துப்பிவிட்டுத்தான் சொல்கிறார். ஆகஸ்ட் மாதிரியைக் காட்டி நவம்பர்த் தூளை விற்றால் என்னவென்று சொல்வோம்?

பசறைத் தாயின் கடதாசியில் ஒரு பேச் இலக்கம் இருந்தது. ஆறு குப்பிகளில் ஒன்றிலும் இலக்கம் இல்லை. பெயர் எழுதிய ஸ்டிக்கர் மட்டும். கடதாசியிலிருந்த பரிசோதனைத் திகதி இரண்டு வருடம் பழையது. அப்படியானால் அந்தக் கடதாசி எந்தக் குப்பியைப் பற்றியது? உலகத்தில் எங்கோ ஒரு குப்பியைப் பற்றியது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அடுத்ததாக, பொருள் அதுதானா என்ற சோதனை. மூலக்கூற்றின் நிறையை அளக்கும் கருவி ஒன்று உண்டு. குளுட்டதயோன் என்றால் 307 என்று காட்ட வேண்டும்; இன்சுலின் என்றால் 5,800 ஐ ஒட்டி. வேறு எண் இருந்தால் அது வேறு பொருள். எண் சரியாக இருந்தாலும் நிறை மட்டுமே சரி. கதவும் தகவும் ஒரே நிறைதான் என்பதை மறக்கக்கூடாது. அதனால் நல்ல ஆய்வுகூடங்கள் வரிசையையும் தனியே சரிபார்க்கும்.

பிறகு வருவதுதான் பெயர் பெற்ற 99. தூளைத் திரவத்தில் கரைத்து, நுண்ணிய பொடி நிரப்பிய குழாய் ஒன்றினூடாக அழுத்தித் தள்ளுவார்கள். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் மறுபக்கம் வெளிவரும். கருவி அதை மலைச்சிகரம் போலக் கோடாக வரையும். பெரிய சிகரம் நமது பெப்டைட். சுற்றியுள்ள சிறு மேடுகள் தவறிப்போன மாலைகள். பெரிய சிகரத்தின் பங்கு மொத்தத்தில் 99 என்றால் தூய்மை 99 வீதம் என்று எழுதுவார்கள். அந்தப் படம் இணைக்கப்படாமல் எண் மட்டும் இருந்தால், தராசைக் காட்டாமல் நிறையைச் சொன்ன கதை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் கருவி ஒளியில் தெரிபவற்றை மட்டுமே எண்ணும். தண்ணீர் அதற்குத் தெரியாது, உப்பும் தெரியாது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது என்ன நடக்கிறது? கூடைக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிப்பார்கள். அந்தக் கழிவு நியாயமா அநியாயமா என்ற சண்டை வெகுகாலத்துச் சண்டை; அதற்குள் நான் இப்போது போகவில்லை. ஆனால் தராசு காட்டும் எடை வேறு, கொழுந்தின் எடை வேறு என்பது கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். பெப்டைட் தூளிலும் ஈரம் உண்டு. செய்முறையில் ஒட்டிக்கொண்ட உப்பும் உண்டு. 10 மில்லிகிராம் என்று எழுதிய குப்பியில் உண்மையான பெப்டைட் ஏழோ எட்டோ மில்லிகிராமாக இருக்கலாம். தூய்மை 99 என்று எழுதியதும் பொய்யாகாது. அதனால் நிகர பெப்டைட் அளவு என்று வேறொரு வரி இருக்க வேண்டும். எங்கள் முன்னால் இருந்த கடதாசியில் அந்த வரி இல்லை.

இவையெல்லாம் கடதாசியில் எழுதியிருப்பவை பற்றிய பேச்சு. எழுதாதவற்றில்தான் உயிர் ஆபத்து.

நாம் வாயால் உண்பதை வயிறு ஓரளவு வடிகட்டும். ஊசி வழியாகப் போவதற்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே ஊசி மருந்துக்கு இரண்டு தனிச் சோதனைகள் அவசியம். ஒன்று, உயிருள்ள கிருமி இல்லை என்ற சோதனை. மற்றது எண்டோடொக்சின் சோதனை. எண்டோடொக்சின் என்பது சில வகைக் கிருமிகளின் மேலோட்டிலுள்ள நஞ்சு. கிருமி செத்த பிறகும் அது மிஞ்சும், கொதிக்க வைத்தாலும் போகாது. இரத்தத்தில் கலந்தால் குளிர்காய்ச்சல் வரும், நடுக்கம் வரும், இரத்த அழுத்தம் இறங்கும். இதைக் கண்டுபிடிக்க உலகம் வெகுகாலமாக நம்பியிருப்பது லாட நண்டு என்னும் கடல் உயிரியின் நீல நிற இரத்தத்தை. நஞ்சின் சிறு துளி பட்டாலும் அது உறைந்துவிடும். அல்லாஹ்வின் படைப்பில் எதை எங்கே வைத்திருக்கிறான் பாருங்கள்!

99 வீதம் தூய்மை என்ற எண்ணுக்கும் இந்த இரண்டு சோதனைகளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மீதி ஒரு வீதத்தில் மட்டுமல்ல, எடைக்கே அகப்படாத அளவிலும் அந்த நஞ்சு இருக்கலாம். இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்காவில் 2018 இல் ஏழு பேருக்குக் குளுட்டதயோன் ஊசி ஏற்றிய பிறகு குமட்டலும் வாந்தியும் நடுக்கமும் கண்டன. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஆராய்ந்து, தூளில் எண்டோடொக்சின் அளவுக்கு மேல் இருந்ததை 2019 இல் வெளியிட்டது. அந்தத் தூள் எதற்காக வந்தது தெரியுமா? உணவுத் துணைப்பொருளுக்காக. பொதியிலேயே அப்படி எழுதியிருந்தது. உண்பதற்கென்று வந்ததைக் கரைத்து ஊசியாக்கிவிட்டார்கள். தூள் அதே குளுட்டதயோன்தான், பெயர் பொய்யில்லை. போன வழிதான் பிழை.

பிலிப்பைன்ஸில் இந்த வெளுக்கும் ஊசி மோகம் நம்மைவிட மூத்தது. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2011 லேயே எச்சரித்தது: தோல் வெளுப்பதற்கென்று இந்த ஊசிக்கு அங்கீகாரம் இல்லை, ஈரலையும் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கலாம், தோல் உரியும் கடும் ஒவ்வாமையும் வரலாம் என்று.

கிருமி விடயத்தில் நமக்குப் பக்கத்திலேயே ஒரு துயரம் உண்டு. 2023 ஏப்ரலில் நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது. சத்திரசிகிச்சைக்குப் பின் விட்ட சொட்டு மருந்தின் மீது சந்தேகம் விழுந்து, அது பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. வெலிமடைப் பக்கத்து மக்களுக்கு நுவரெலியா தூரமான ஊரல்ல.

இனி, கடதாசியை எழுதியவர் யார் என்பது. அறபுக் கல்லூரியில் ஹதீஸ் பாடத்தில் எங்களுக்கு முதலில் பழக்கியது செய்தியை அல்ல, ஸனதை. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்தார்களா, நினைவாற்றல் எப்படி? நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், சொன்ன விடயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பலவீனமானது என்று தள்ளிவைப்பார்கள். சான்றிதழுக்கும் ஸனது உண்டு. செய்தவர் யார்? சோதித்தவர் யார்? செய்தவரே சோதித்தாரா, வேறொருவரா? அந்த ஆய்வுகூடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தகுதி உண்டா? (இலங்கையில் அத்தகுதியை வழங்கும் சபை 2005 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் கீழ் அமைந்தது.) கையொப்பமிட்டவர் பெயர் என்ன? முகவரிக்கு எழுதிக் கேட்டால், ஆம், இது எங்கள் கடதாசிதான் என்பார்களா?

கடைசிக் கேள்வியை அற்பமாக எண்ண வேண்டாம். நம் நாட்டையே உலுக்கிய விடயம் அதில்தான் இருந்தது. 2022 இல் டொலர் இல்லாமல் ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டது. அவசரக் கொள்வனவு நடந்தது. அப்படி வந்தவற்றில் ஒன்று இம்யூனோகுளோபுலின். மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் புரதம் அது. பெப்டைட்டுக்கு மூத்த சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 இல் நோயாளிகளுக்கு ஒவ்வாமை கண்டதும் விசாரணை தொடங்கியது. ஆவணங்களில் உற்பத்தியாளராகப் பெயர் காணப்பட்ட இந்திய நிறுவனமோ, இதை நாங்கள் அனுப்பவே இல்லை என்றது. ஆவணங்கள் போலி, குப்பியிலிருந்தது மருந்தே அல்ல என்ற குற்றச்சாட்டின் மீது பலர் கைதானார்கள். 2024 பெப்ரவரி 2 ஆம் திகதி முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லவும் கைது செய்யப்பட்டார். யார் குற்றவாளி என்பது நீதிமன்றம் தீர்க்க வேண்டியது. நமக்குரிய பாடம் வேறு: பெயர், முத்திரை, இலக்கம் எல்லாம் இருந்த கடதாசியின் மறுமுனையில் ஆளே இல்லாதிருக்கலாம்.

இலக்கம் சரியாக இருந்தும் பொருள் போலியாக இருந்ததும் உண்டு. செமக்ளுடைட் ஊசியின் போலிகள் 2023 இல் பிரேசிலிலும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பிடிபட்டன. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் மூன்று பேச்கள் பற்றி எச்சரித்தது. அவற்றில் ஒன்றின் இலக்கம் உண்மையான நிறுவனத்தின் உண்மையான இலக்கம். அதைப் பிரதி பண்ணிப் போலிப் பெட்டியில் ஒட்டியிருந்தார்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் இன்னொரு வரி உண்டு. பசறைத் தாயின் கடதாசியின் அடியில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டு வாசிக்கும் எழுத்தில் அது இருந்தது: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல. ஆசிரியர் அதைத் தமிழில் சொன்னபோது அந்தத் தாய் சற்று நேரம் பேசவில்லை. விற்பவர் விளம்பரத்தில் முகம் வெளுக்கும் என்கிறார். கடதாசியில் மனிதருக்கு அல்ல என்கிறார். நாளை ஏதும் நடந்தால் எதை நீட்டுவார்? கடதாசியைத்தான்.

சான்றிதழ் ஒவ்வொன்றும் தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். ஹலால் சான்றிதழ் பற்றி 2013 இல் நாட்டில் எழுந்த சர்ச்சையும், ஜம்இய்யதுல் உலமா அப்பொறுப்பை விட்டு, தனியான சபையொன்று அதை ஏற்றதும் நாம் அறிந்ததே. ஹலால் முத்திரையுள்ள பிஸ்கட் ஹலால் என்றுதான் பொருள். சீனி வருத்தக்காரர் தாராளமாகச் சாப்பிடலாம் என்று பொருள் அல்ல. அதுபோல, ஆய்வுகூடத்துக்குத் தகும் என்ற கடதாசி உடம்புக்குத் தகும் என்று சொல்லவில்லை. உடம்புக்குத் தகுமா என்று சொல்ல இந்நாட்டில் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. ஒரு மருந்து அங்கே பதியப்பட்டதா என்று பாமசியில் இருக்கும் மருந்தாளரிடம் கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை.

அந்தத் தாய் குப்பிகளைப் பாவிக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது விற்றவரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. நிக்காஹ் நடந்தது, பிள்ளை நலமாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

இதை வாசித்துவிட்டு யாரும் ஆஸ்பத்திரியில் தரும் இன்சுலினைச் சந்தேகித்து நிறுத்திவிடக் கூடாது. அது பெரிய தவறாகிவிடும். சிலருக்கு உயிரே போகும். 2023 இல் நடந்தவை பிடிபட்டதே, தாதிமாரும் டொக்டர்மாரும் நோயாளியைப் பார்த்து, பேச் இலக்கத்தைக் குறித்து, மேலே அறிவித்ததால்தான். ஊசி போட்டபின் நடுக்கமோ தடிப்போ மூச்சு முட்டலோ கண்டால் வெறும் குப்பியை எறியாமல் எடுத்துக்கொண்டு பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ உடனே போங்கள். அந்தக் குப்பியிலுள்ள இலக்கம் வேறு யாரோ ஒருவரின் உயிரைக் காப்பாற்றும்.

கடதாசி சொல்லாத இன்னொரு விடயம் வெப்பம். சான்றிதழ் எழுதிய நாளில் பொருள் நன்றாக இருந்திருக்கும்; பிறகு அது வெயிலில் நின்ற வாகனத்தில் கிடந்ததா என்று கடதாசிக்குத் தெரியாது. இன்சுலினுக்கும் இது பொருந்தும். திறக்காத குப்பியை பிரிட்ஜில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும். ஐஸ் கட்டும் தட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது, உறைந்தால் அது பாழ். பாவனையில் உள்ளதைப் பொதுவாக நான்கு வாரம்வரை அறை வெப்பத்தில் வைக்கலாம். குப்பியோடு வரும் துண்டில் எத்தனை நாள் என்று எழுதியிருக்கும். பண்டாரவளைக் குளிரில் அறை வெப்பம் ஒன்று, மொனராகலை வெயிலில் வேறொன்று. பிரிட்ஜ் இல்லாத லயத்து வீடுகளில், மண்சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் சிறு சட்டியை வைத்து, தண்ணீர் படாமல் பொலித்தீனில் சுற்றிய குப்பியை உள்ளே வைக்கலாம். அடுப்படியிலிருந்து தள்ளி, காற்று வரும் நிழலில் சட்டி இருக்கட்டும். மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். பாவித்த ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, நிறைந்ததும் டிஸ்பென்சரியில் ஒப்படையுங்கள். லயத்துக் குப்பைக் குழியில் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள்.